காற்றைத் தொட யாரிடம் அனுமதி கேட்பது

பேரன்புக்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கும், நடன ஆசிரியர் சங்கத்தின் மதிப்பிற்குரிய செயலாளர் அவர்களுக்கும் (இருவரும் ஒருவரே என்பதால் ஒரே தபால்தலைதான் ஒட்டியிருக்கிறேன், தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம்), சலவைக் கடை மாடியில் ஜோடி நடனம் சொல்லிக்கொடுக்கும் உங்கள் மூத்த மைத்துனன் பணிவுடன் எழுதிக்கொள்வது.

தங்கையின் இடுப்பு வலி தேவலையா, பிள்ளைகள் ஒழுங்காகச் சாப்பிடுகிறார்களா, உங்கள் இரத்த அழுத்தம் அடங்கியிருக்கிறதா என்று முறைப்படி விசாரிக்கிறேன். அடங்கியிருந்தால் மட்டும் மேலே படிக்கவும். நான் நலமாக இருக்கிறேன் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுதிப் பார்த்தேன். பொய்யாகத் தெரிந்தது, அடித்துவிட்டேன். நோய் ஒன்றும் இல்லை. நாலு நாளாகக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை, அவ்வளவுதான். ஆனால் ஒரு நடன ஆசிரியன் அப்படிச் சொல்லிக்கொண்டு சும்மா உட்கார்ந்துவிட முடியாதல்லவா.

தாங்கள் இயற்றிய நடத்தை நெறிகளின் இருபத்திமூன்றாம் விதி, ஓர் ஆசிரியர் நெறி தவறினால் ஏழு நாட்களுக்குள் தானே எழுத்து மூலம் சங்கத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது. இன்று நாலாம் நாள். தெரிவிக்கிறேன். நான் என் மாணவி ஒருவருடன் அவர் அனுமதியில்லாமல் நடனமாடிவிட்டேன். ஒரு முறை அல்ல, நாலு வாரம், வாரத்துக்கு இரண்டு வகுப்பு, ஆக எட்டு வகுப்பு. ஆடிய நேரமெல்லாம் அவர் அறையின் மறுகோடியில் ஜன்னலோரம் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தார். என் கைகளில் யாரும் இல்லை. இது எந்த விதியின் கீழ் வரும் என்று எனக்குத் தெரியவில்லை, அதனால் நடந்ததை நடந்தபடியே சொல்லிவிடுகிறேன். விதி ஒன்பதின்படி மாணவர்களின் பெயரை வெளியில் சொல்லக் கூடாது. ஆகவே தொழிலை மட்டும் குறிப்பிடுகிறேன். அந்த அம்மா மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். எங்கள் பக்கத்தில் அந்தக் கடை ஒன்றுதான் இருக்கிறது என்பது வேறு விஷயம்.

நெறிமுறைப் புத்தகம் வந்த அன்று தங்கை தொலைபேசியில் எவ்வளவு பெருமைப்பட்டாள் என்று உங்களுக்குத் தெரியாது. "அண்ணா, ஆறு மாசமா சாப்பாட்டு மேசையில உட்கார்ந்து எழுதினாரு. நாங்க எல்லாரும் தரையில உட்கார்ந்துதான் சாப்பிட்டோம்" என்றாள். அப்படிப் பிறந்த இருபத்திமூன்று விதிகளையும் நான் கண்ணில் ஒற்றிக்கொள்ளாத குறையாக வாங்கி, கண்ணாடிச் சுவருக்கு எதிர்ச் சுவரில், என் முப்பத்தொரு வருடச் சான்றிதழுக்குப் பக்கத்திலேயே ஒட்டினேன். எழுத்து பொடி. பதினொரு மாணவர்களில் பத்துப் பேர் முதல் விதியோடு கண்ணைக் கசக்கிக்கொண்டு போய்விட்டார்கள். கண்ணாடிக் கடை அம்மா மட்டும் கிட்டப் போயும் எட்டப் போயும் நின்று கடைசி வரிவரை படித்துவிட்டு, "இந்த எழுத்து என் கடைச் சுவர்ல தொங்குற கண் பரிசோதனை அட்டையோட கடைசி வரியை விடச் சின்னது மாஸ்டர்" என்று சொல்லிவிட்டுப் போனார். அப்போது நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

வம்பு ஏழாம் விதியில் ஆரம்பித்தது. ஆசிரியரோ சக மாணவரோ ஒருவரைத் தொடுவதற்கு முன், தொடப்போகும் இடம் எது, தொடப்போகும் கை எது, தொடுவதற்குக் காரணம் என்ன என்ற மூன்றையும் தெளிவாகச் சொல்லி, அனுமதி பெற்ற பிறகே தொட வேண்டும். நல்ல விதிதான். கேட்காமல் கொள்ளாமல் இடுப்பைப் பிடித்துத் திருப்பும் ஆசிரியர்களை நானும் பார்த்திருக்கிறேன், அவர்களுக்கு வேண்டியதுதான். ஆனால் மாப்பிள்ளை, ஜோடி நடனம் என்பது தொட்டுக்கொண்டே நடப்பது. முதல் நாள் நான் ஓய்வுபெற்ற பஸ் டிரைவரிடம் போய், "உங்கள் இடது தோளை என் வலது கையால், அது தூக்கிக்கொண்டிருப்பதைச் சரிசெய்யும் பொருட்டு, தொடலாமா?" என்று கேட்டேன். அவர் கொஞ்சம் யோசித்தார். "தொடுங்க மாஸ்டர், ஆனா நீங்க கேட்டு முடிக்கிறதுக்குள்ள தோள் தானா இறங்கிடுச்சு, பாட்டும் முடிஞ்சிடுச்சு" என்றார். ஜோடிகளும் ஒருவரையொருவர் கேட்க வேண்டுமே. பல் டாக்டர் ஒருவர் வருகிறார், தங்கமான மனிதர். யார் கையைப் பிடித்தாலும் மூன்று விவரத்தையும் சொல்லிவிட்டு, பழக்கதோஷத்தில் "வலிச்சா கையைத் தூக்குங்க" என்று சேர்த்துக்கொள்வார். நடனத்தில் கை ஏற்கெனவே தூக்கித்தான் இருக்கிறது. அவர் அப்படியே பயந்து விலகி நிற்பார். ஒன்றரை மணி நேர வகுப்பில் அன்று நாங்கள் ஆடியது மொத்தம் ஆறே ஆறு காலடி, மீதி முழுவதும் கேள்வியும் பதிலும்தான்.

இதை நான் சங்கத்துக்கு எழுதிக் கேட்டதும், எழுத்து மூலமான ஒப்புதல் படிவம் அச்சாகிறது, அதில் ஒரு முறை கையெழுத்துப் போட்டால் போதும், அது வரும்வரை யாரும் யாரையும் தொடாமல் வகுப்பை நடத்தவும் என்று பதில் போட்டீர்கள். உங்கள் சொல்லுக்கு மறுசொல் எனக்கு எப்போது இருந்திருக்கிறது. பதினொரு பேரையும் அறையில் தள்ளித் தள்ளி நிறுத்தி, "எதிரே ஒரு ஆள் இருக்கறதா நினைச்சுக்கங்க. கையை அந்த ஆளைப் பிடிச்ச மாதிரி வச்சுக்கங்க. ஆடுங்க" என்று சொல்லி டேப்பைப் போட்டேன்.

மாப்பிள்ளை, அதற்குப் பிறகு நடந்ததை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. எங்கள் வகுப்பு மாலை நாலு மணிக்கு. அந்த நேரத்தில் கீழே சலவைக் கடையில் பெரிய இஸ்திரி மெஷினைப் போடுவார்கள். பலகை இடுக்கு வழியாக ஆவி மெல்ல ஏறிவந்து அறை முழுக்க முழங்கால் உயரத்துக்கு நிற்கும், சோப்பு வாசனை வரும், தரை இளஞ்சூடாக இருக்கும், ஜன்னல் வெயில் அந்த ஆவியில் விழுந்து பாலாகப் பரவிவிடும். சுவர்க் கண்ணாடியும் மங்கிப்போகும். அதற்குள் பதினொரு பேர் வெறும் கையைத் தூக்கிக்கொண்டு தனித்தனியாகச் சுற்றினார்கள். முதலில் சிரிப்பாகத்தான் இருந்தது. இரண்டாவது பாட்டில் யாரும் சிரிக்கவில்லை. மூன்றாவது பாட்டில் பஸ் டிரைவர் கண்ணை மூடியிருந்தார். முப்பது வருடம் பஸ் ஓட்டியவர், திரும்பும் முன் சுவர்க் கண்ணாடியைப் பார்க்காமல் ஒருபோதும் திரும்பாதவர், அன்று எதையும் பார்க்காமல் அவ்வளவு மெதுவாக, அவ்வளவு பதமாகத் திரும்பினார். இன்னும் கொஞ்சம் வேகமாகத் திரும்பலாமே என்று சொன்னேன். "அவளுக்கு முழங்கால் வலி மாஸ்டர். இதுக்கு மேல வேகமாத் திருப்பினா அவ தாங்கமாட்டா" என்றார். அவர் மனைவி காலமாகி மூன்று வருடம் ஆகிறது. அதற்கப்புறம் நான் அவரைத் திருத்தவே இல்லை.

ஒவ்வொருவர் கைக்குள்ளும் ஒருவர் வந்து நின்றுவிட்டார்கள். பல் டாக்டர் ஆடும்போது தலையை அண்ணாந்து பார்த்து மரியாதையாகச் சிரிப்பார், யாரோ தன்னை விட உயரமானவர்கள். தையல் கடை அக்கா தங்கச்சி இரண்டு பேரும் தனித்தனியாக ஆடிவிட்டு, வெளியே போகும்போது ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் போவார்கள். இரண்டு பேர் மனதிலும் ஒரே ஆள்தானோ என்று எனக்கு ஒரு சந்தேகம், விதி ஒன்பதை நினைத்து வாயைக் கட்டிக்கொண்டேன். கண்ணாடிக் கடை அம்மா ஜன்னலோரம் ஆடுவார். இடது கையை அவ்வளவு உயரத்தில், எட்டாத அலமாரியில் ஒன்றை வைப்பதுபோல வைத்திருப்பார். அவர் கணவர் போய் எட்டு வருடம், அந்த மனிதர் நல்ல உயரம் போலிருக்கிறது, கொடுத்து வைத்தவர் என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைத்தபோது எனக்குள் ஏதோ ஒன்று சுருக்கென்று தைத்ததையும் சேர்த்தே எழுதிவிடுகிறேன், தானே தெரிவிப்பது என்று வந்த பிறகு பாதியை மட்டும் தெரிவிப்பது முறையில்லை.

நானும் சும்மா நிற்கவில்லை. காலடி காட்டித்தர வேண்டுமே, அதற்காகக் கண்ணாடிக்கு முன்னால் நானும் வெறும் கையோடு ஆடினேன். முப்பத்தொரு வருடத்தில் எத்தனையோ ஆயிரம் பேர் கையைப் பிடித்தவன் நான். "இத்தனை பேர் கையைப் பிடிச்சியே, ஒருத்தர் கையையாவது பிடிச்சுக்கிட்டு வீட்டுக்கு வந்தியா" என்று தங்கை கேட்காத வருடம் கிடையாது, உங்களுக்குத் தெரியும். பிறர் கை எனக்குத் தொழில். கடைக்காரர் துணியைத் தொடுவதுபோலத் தொட்டேன், மடித்து வைத்தேன், அடுத்தவரைக் கூப்பிட்டேன். யாரும் இல்லாத கையோடு ஆடியது எனக்கு அதுதான் முதல் தடவை. நன்றாக இருந்தது என்பதை எந்த விதியின் கீழும் மறைக்க விரும்பவில்லை.

நாலாவது வாரம் உங்கள் படிவக் கட்டு வந்து சேர்ந்தது. இரண்டு பக்கமும் அச்சடித்த நல்ல தாள். எல்லாருக்கும் கொடுத்து, "இதுல கையெழுத்துப் போட்டீங்கன்னா பழையபடி ஜோடியா ஆடலாம்" என்று உற்சாகமாகச் சொன்னேன். ஒருவரும் பேனாவை எடுக்கவில்லை. பஸ் டிரைவர்தான் மெதுவாகக் கேட்டார், "போட்டா நிஜ ஆளோடதான் ஆடணுமா மாஸ்டர்?" என்று. பல் டாக்டர் வீட்டில் காட்டிவிட்டுப் போடுவதாகச் சொன்னார். அவர் தனியாக இருப்பவர், வீட்டில் யாரிடம் காட்டுவார் என்று நான் கேட்கவில்லை. படிவக் கட்டு இப்போது ஜன்னல் கதவு அடிக்காமல் இருக்க முட்டுக்கொடுத்து நிற்கிறது. நல்ல கனமான கட்டு, அதற்காகச் சங்கத்துக்கு நன்றி.

இந்த லட்சணத்தில்தான் போன புதன்கிழமை வகுப்பைச் சோதிக்க நீங்கள் அனுப்பிய பார்வையாளர் படியேறி வந்தார். ஜலதோஷம் பிடித்த மனிதர், கையில் கோப்பு. வாசலிலேயே நின்று அறையை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, "ஜோடி நடன வகுப்புன்னு பதிவாகியிருக்கு. ஜோடி எங்கே?" என்று கேட்டார். யாரும் ஆட்டத்தை நிறுத்தவில்லை. நான் விதி ஏழைச் சொன்னேன், படிவம் ஜன்னலில் இருப்பதைக் காட்டினேன். அவர் குறித்துக்கொண்டே வந்தார். அப்புறம் பேனா நின்றது. பஸ் டிரைவர் சுற்றுவதையே பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் கோப்பை நாற்காலியில் வைத்தார், அதன் மேல் கைக்குட்டையை வைத்தார். சுவரோரமாக, யாருக்கும் தெரியாது என்ற நினைப்பில், இரண்டு கையையும் தூக்கினார். அவர் என்ன அறிக்கை கொடுத்தாரோ எனக்குத் தெரியாது. அந்தக் கைகளைப் பற்றி அதில் இருக்காது என்பதால் இதை எழுதினேன், அவருக்கு இதனால் கெடுதல் எதுவும் வரக்கூடாது. நல்ல தாளம்.

அவர் போன பிறகு, எல்லாரும் படியிறங்கிய பிறகு, கண்ணாடிக் கடை அம்மா மட்டும் வருகைப் பதிவேட்டு மேசையருகே என்னவோ செய்துகொண்டிருந்தார். பிறகு வந்தார். "மாஸ்டர், ஒண்ணு கேக்கறேன். நீங்க யாரோட ஆடறீங்க?" என்றார். "யாரோடவும் இல்லம்மா, காலடி காட்டறதுக்காக" என்றேன். "அப்படியே ஒரு நிமிஷம் நில்லுங்க, கையை இறக்காதீங்க" என்றார். நின்றேன். அவர் என்னை இப்படியும் அப்படியுமாக, கடையில் ஆட்களின் முகத்துக்கு மூக்குக்கண்ணாடிச் சட்டம் பார்ப்பதுபோலப் பார்த்தார். "அளக்கறது என் தொழில் மாஸ்டர். நாலு வாரமா ஜன்னல் பக்கம் திரும்பி நின்னுக்கிட்டு, ஜன்னல் கதவோட கண்ணாடியில உங்க கையைத்தான் பாத்துக்கிட்டிருக்கேன்" என்றார். சொல்லிவிட்டு என் கைகளுக்குள் இருந்த அந்தக் காலி இடத்துக்குள் வந்து நின்றார்.

தொடவில்லை, மாப்பிள்ளை. எங்கேயும் படவில்லை. என் வலது கை அவர் தோள்பட்டைக்குப் பின்னால் ஒரு விரல் தள்ளி நின்றது. என் இடது கை அவர் வலது கை வரும் இடத்தில் நின்றது. என் முகவாய் அவர் தலைமுடியிலிருந்து எவ்வளவு விலகியிருக்க வேண்டுமோ அவ்வளவு விலகியிருந்தது. கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். "எனக்கு அளவெடுத்துத் தச்ச சட்டை மாதிரி இருக்கு" என்றார். கீழே இஸ்திரி மெஷினை நிறுத்தியிருந்தார்கள். ஆவி இறங்கிக்கொண்டிருந்தது. அப்போதுதான் எனக்கே தெரிந்தது, நாலு வாரமாக நான் யாரோடு ஆடினேன் என்று. நான் என்ன செய்தேன் தெரியுமா. பின்னால் நகர்ந்து, எதிர்ச் சுவருக்குப் போய், விதி பதினொன்றைத் தேடினேன். ஆசிரியர் தம்மிடம் பயிலும் மாணவர் மீது தனிப்பட்ட பிரியம் வளர்க்கக் கூடாது. எழுத்து பொடியாக இருந்தது, ஆனால் தெளிவாகவே இருந்தது. திரும்பிப் பார்த்தால் அவர் படியிறங்கிப் போய்விட்டார். எனக்கு அழுகை வந்தது, ஐம்பத்தெட்டு வயதில்.

ஆகவே சங்கத்தின் முன் என் விண்ணப்பம். காற்றில் ஒருவரின் அளவுக்குக் கையை வைத்துக்கொண்டு ஆடினால் அது தொடுவதாகுமா, ஆகுமென்றால் காற்றைத் தொட யாரிடம் அனுமதி கேட்டிருக்க வேண்டும் என்று தீர்ப்புச் சொல்லுங்கள். பதினொன்றாம் விதியை மீறியது உறுதி, அதில் வாதமே இல்லை, சான்றிதழைக் கழற்றி வைத்துவிட்டேன், சுவரில் அது இருந்த இடம் மட்டும் வெள்ளையாகத் தெரிகிறது. என்னை நீக்குங்கள். ஆனால் வகுப்பை மூடிவிடாதீர்கள். பஸ் டிரைவரின் மனைவிக்கு இந்த அறையை விட்டால் வேறு போக்கிடம் இல்லை. வேறு ஆசிரியரை அனுப்புங்கள், முழங்கால் விஷயத்தை மறக்காமல் அவரிடம் சொல்லுங்கள். போவதற்கு முன் ஒன்றே ஒன்று கேட்கிறேன், மைத்துனன் என்ற உரிமையில் கேட்கிறேன். அந்த ஏழாம் விதியை எடுத்துவிடுங்கள். எல்லாம் அதனால் வந்த வினை. பேசாமல் பழையபடி கையைப் பிடித்துக்கொண்டு ஆடியிருந்தால் எனக்கு இந்தக் காலி இடமும் தெரிந்திருக்காது, அதில் யார் நிற்கிறார் என்றும் தெரிந்திருக்காது, நிம்மதியாக ஓய்வுபெற்றிருப்பேன்.

தங்கைக்கு என் ஆசிகள். அவளிடம் விவரம் எதுவும் சொல்ல வேண்டாம், சிரிப்பாள். பிள்ளைகளின் காலும் கையும் என்றும் சுகமாக இருக்கட்டும். உங்கள் சாப்பாட்டு மேசை இனியாவது சாப்பாட்டுக்குக் கிடைக்கட்டும் என்று வேண்டிக்கொண்டு,

தங்கள் கீழ்ப்படிதலுள்ள மைத்துனன்,
தெருவில் 'கொடிக்கம்பம் மாஸ்டர்' என்று உயரத்துக்காக அழைக்கப்படுபவன்

பின்குறிப்பு: விதி ஒன்பதின்படி ஒரு மாணவரைப் பற்றிய விவரத்தை வெளியே அனுப்ப அவர் சம்மதம் வேண்டும். ஆகவே இன்று வகுப்புக்கு ஒரு மணி நேரம் முன்னதாக வரச்சொல்லி, இக்கடிதத்தைக் கண்ணாடிக் கடை அம்மாவிடம் கொடுத்தேன். ஜன்னலோரம் நின்று இரண்டு தரம் படித்தார். முதலில், நான் எழுதியதில் ஒரு பிழை என்றார். "என் வீட்டுக்காரர் என் காது வரைக்கும்தான் வருவாரு. டான்ஸ்னு சொன்னாலே கொட்டாவி விடுவாரு" என்றார். அப்படியானால் அந்த இடது கை அவ்வளவு உயரத்தில் எதற்கு என்று கேட்டேன். என்னைக் காலிலிருந்து தலை வரைக்கும் அண்ணாந்து பார்த்தார். இரண்டாவதாக, பதிவேட்டைத் திறந்து காட்டினார். போன புதன்கிழமைக்கு நேராக அவர் பெயரின் மேல் ஒரு கோடு, பக்கத்தில் 'வகுப்பிலிருந்து விலகுகிறேன்' என்று தேதியோடு கையெழுத்து. "உங்க கைக்குள்ள வந்து நிக்கறதுக்கு முன்னாடியே அடிச்சுட்டேன். கடைசி வரி வரைக்கும் படிச்சவ நான் ஒருத்திதானே" என்றார். ஆகவே செயலாளர் அவர்களே, நீங்கள் மேலே படித்தது எதையும் படிக்கவில்லை என்று வைத்துக்கொள்ளவும், தபால்தலை ஒட்டிவிட்டதால் மட்டுமே அனுப்புகிறேன். நான் விலகவில்லை. சான்றிதழைத் திரும்ப மாட்டிவிட்டேன். தங்கையிடம் தாராளமாகச் சொல்லுங்கள். முக்கியமாக, விதி ஏழில் கை வைக்க வேண்டாம், ஒரு காற்புள்ளிகூட மாறக்கூடாது. ஏனென்றால் இந்த அம்மா இப்போது என் மேசைக்கு எதிரே நின்று, "உங்கள் வலது தோளை என் இடது கையால் தொடலாமா? காரணம், நாலு வாரமா காத்துலயே வச்சிருக்கேன், கை வலிக்குது" என்று முறைப்படி கேட்டிருக்கிறார். முப்பத்தொரு வருடத்தில் என்னிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை. இதை எழுதி முடிக்கட்டும் என்று கையை நீட்டியபடியே நிற்கிறார், நான் இன்னும் பதில் சொல்லவில்லை, அதனால் இத்துடன் பேனாவை வைக்கிறேன்.